ஏரோப்ளேன் டயரும் வராத புகையும்

ஏரோப்ளேனில் ஓடித் தேய்ந்து கழித்த டயர் இரண்டை வாங்கி எங்கள் சித்தப்பா மாட்டுவண்டியில் மாட்டியபோது நான் நாலாம் வகுப்பு. அதற்குப் பிறகு எங்கள் ஊர் பரளச்சியில் அவர் கால் தரையில் பட்டதாக எனக்கு நினைவில்லை.

"ஏலே, ஆகாசத்துல பறந்த டயருடா. மேல கால வைக்காத."

டயரில் குறுக்கே ஒரு வெட்டுக்கூட இல்லை. சுற்றிலும் நாலு நேர்கோடு, அவ்வளவுதான். இது எப்படித் தரையைப் பிடிக்கும் என்று கேட்டேன்.

"ஏரோப்ளேன் எறங்கயில சுத்தாத சக்கரம் தரையில உரசும்ல? குபீர்னு பொகை வரும். அம்புட்டுப் புடி!"

எனக்கு அந்தப் புகையைப் பார்த்தே ஆக வேண்டும். டயரை உள்ளங்கையால் தேய்த்தேன், கை சுட்டது. செங்கல்லால் தேய்த்தேன், சித்தப்பா பார்த்துவிட்டதால் காது சுட்டது. புகை மட்டும் வரவில்லை.

மாசியில் ஒருநாள் பருத்திக்கொட்டை மூட்டைகளோடு கண்மாய்க்கரை இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். மாடுகள் ஓட்டம் பிடித்தன. பிரேக் கயிறு என் பக்கம். இழுத்தால் கட்டை சக்கரத்தை அமுக்கும். சுற்றாத சக்கரம் உரசும். உரசினால் புகை. இரண்டு கையாலும் கயிற்றில் தொங்கினேன்.

சக்கரம் நின்றது. வண்டி நிற்கவில்லை.

எங்கள் பக்கம் அறுத்த கதிரைத் தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் கூலியில்லாமல் கதிரடித்துக் கொடுக்கும். இறக்கம் முழுக்கக் குதிரைவாலித் தாள். அதன்மேல் வண்டி எண்ணெயில் விட்டதுபோல வழுக்கியது. கீழே நடுரோட்டில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தார் அத்தை, சித்தப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா. முட்டுவலிக்காரர், சட்டென்று எழ முடியாது.

"யக்கா! யக்கோவ்!"

சித்தப்பா மூக்கணாங்கயிற்றோடு கீழே குதித்து, மாடுகளை ஓரத்து ஓடைக்குள் இழுத்துத் திருப்பினார். வண்டி ஒருக்களித்து நின்றது. டயருக்கும் அத்தையின் முறத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

நான் இறங்கி ஓடிப்போய் டயரைத் தொட்டுப் பார்த்தேன்.

"சித்தப்பா, ஏன் பொகையே வரல?"

அவர் அடிக்கக்கூட இல்லை. தார்ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அத்தை செம்பில் தண்ணீர் கொடுத்தார். பாதித் தண்ணீர் சித்தப்பா சட்டையிலேயே சிந்தியது.

மண்டையைப் பிளக்கும் வெயில். "அத்தே, சித்தப்பாவுக்குக் குளுருதா?" என்று கேட்டேன்.