ஒற்றை விசில்

விசிலை உதட்டில் வைத்து, சூடான பாலை ஆற்றுகிற மாதிரி மெல்ல ஊதுகிறார் செபமாலை. எதிரே சாக்கின் மேல் படுத்திருக்கும் நாயின் இடது காது நிமிர்கிறது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். தகரப் பெட்டியின் பூட்டைத் திறந்து ஒரு மாத்திரையை எடுக்கிறார். நெய் தடவிய இட்லித் துண்டுக்குள் அதைப் புதைத்து ஊட்டுகிறார். நாய் விழுங்கிய பிறகும் தாடையைத் தடவிக்கொண்டே இருக்கிறார்; கசப்பு தெரிந்தால் கன்னத்தில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்பிவிடும் கள்ளத்தனம் அதற்கு உண்டு. கடைசியில், சுவரில் தொங்கும் தாளில் நேரத்தை எழுதுகிறார். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து.

புதுக்கோட்டைக்கும் ஆவூருக்கும் நடுவே ஓடிய தனியார் பேருந்தில் முப்பத்தோரு வருடம் கண்டக்டர். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டார், விசிலைக் கழற்றவில்லை. நாயின் பெயர் ஸ்டெப்னி. குட்டியாக இருந்தபோது ஆவூர் விலக்கிலிருந்து கோயில் வரைக்கும் பேருந்தின் பின்னாலேயே ஓடிவரும். "பின்னாடியே தொங்கிக்கிட்டு வரும், அவசரத்துக்கு ஒதவாது. வேற என்ன பேரு வைக்க?" என்பார். அதற்கு இப்போது பதினோரு வயது. வலது முன்னங்காலில் எலும்புப் புற்று. காலை எடுத்துவிடலாம்தான், ஆனால் நோய் நுரையீரலுக்கும் போய்விட்டது, மற்ற மூட்டுகளும் தேய்ந்துவிட்டன. இருக்கிற மாதங்களை வலியில்லாமல் கழிக்கவைப்பதுதான் மிச்சம் என்று கால்நடை மருத்துவர் அன்புமொழி சொல்லிவிட்டார்.

அவரிடம் போவதற்கு முன்பே செபமாலை ஒரு வைத்தியம் செய்து பார்த்திருந்தார். தன் முழங்கால் அறுவைக்குப் பிறகு கொடுத்த வலி மாத்திரையில் மிச்சம் இருந்தது. நாய் அழுவதைப் பொறுக்காமல் அதில் பாதியைக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் அது வாந்தியெடுத்தது, எச்சில் ஒழுக, கால் பின்னிச் சரிந்தது. நாயையும் மாத்திரை அட்டையையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார். அட்டையைக் கையோடு கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று. அதில் ஒன்றல்ல, இரண்டு மருந்துகள் கலந்திருந்ததை மருத்துவர் பார்த்த உடனே கண்டுகொண்டார். அரை மாத்திரை என்று யார் சொன்னது என்று கேட்டதற்கு, செபமாலை கைகட்டி நின்று விளக்கம் சொல்லியிருக்கிறார்.

"பஸ்ஸுல உசரக் கோடு போட்டிருக்கும்ல டாக்டரம்மா, அதுக்குக் கீழ நின்னா அரை டிக்கெட்டு. இவன் அந்தக் கோட்டுல பாதிகூட இல்ல. அதான் அரை மாத்திரை."

அன்புமொழிக்குச் சிரிப்பு வரவில்லை. "நாய் குட்டை மனுசன் இல்லங்கய்யா. ஒங்க ஒடம்பு தாங்குற மருந்து அதோட ஈரலைக் கெடுத்துரும். எடை பார்த்து நான் எழுதுறதுதான் அளவு. ஒங்க பெட்டியில இருக்குறது எதுவும் இதுக்கு ஆகாது."

இரண்டு நாள் ஊசியும் குளுக்கோஸுமாகக் கிடந்து ஸ்டெப்னி பிழைத்தது. செபமாலை நாயைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறினார். பிறகு தனியாக ஏறினார். கழித்துப் பார்த்து மருத்துவர் அளவு எழுதினார். டிரமடால் என்கிற வலி மருந்து மட்டும், வேறெதுவும் கலக்காத மாத்திரை. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இருமல் மருந்துகூடக் கேட்காமல் தரக் கூடாது. மலம் இறுகும், அதற்கு வேகவைத்த பூசணி. வாரக்கணக்கில் கொடுத்த பிறகு சட்டென்று நிறுத்தவும் கூடாது. முக்கியமாக, கூப்பிட்டால் விழிக்காத நாய்க்கு அடுத்த மாத்திரை கிடையாது. விசில் அப்படித்தான் வைத்தியத்துக்குள் வந்தது. மனைவி மரிய செல்வி நல்லெண்ணத்தில்கூட மாத்திரைப் பெட்டியைத் தொட முடியாது. "வண்டிக்கு ஒரு கண்டக்டர்தான்" என்று செபமாலை சொல்லிவிட்டார்.

சீட்டு கையில் இருந்தும் மருந்து எளிதில் கிடைக்கவில்லை. முதல் கடையில் நோயாளியின் பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். இரண்டாவது கடையில், போதைக்கு இதே மாத்திரையைத் தேடி வருகிறவர்கள் நாய், பூனை என்று எதையும் சொல்வார்கள் என்று பின்னால் நின்றவர்கள் காதிலும் விழும்படி சொன்னார்கள். மூன்றாவது கடைக்கு நாயையே தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடி மேடைமேல் வீங்கிய காலை வைத்துக் காட்டினார். அங்கே கிடைத்தது. போதைக்கு விற்கிறவன் கொல்லை வழியாக விற்றுக்கொண்டேதான் இருக்கிறான். முன்வாசலில் முத்திரை போட்ட சீட்டோடு நிற்கிறவனைத்தான் திருடனாக்குகிறோம். கட்டுப்பாடு வேண்டியதுதான், மருந்து அப்படிப்பட்டது. ஆனால் சீட்டைப் படித்துச் சரிபார்க்கச் சோம்பல்படுகிறவர்களின் இளிப்புக்குக் கட்டுப்பாடு என்று பெயர் வைக்கக் கூடாது.

ஊராரின் ஆறுதல் இன்னொரு வகை. ஒருவர் அது போன ஜென்மத்துப் பாவம் என்றார். இன்னொருவர் வேதனையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கச் சொன்னார். இரண்டு மதத்திலும் வலிக்கு விளக்கம் இருக்கிறது, மாத்திரைதான் இல்லை. ஞாயிறு பூசை தவறாத செபமாலை இரண்டாமவருக்கு மட்டும் பதில் சொன்னார்: "ஆண்டவரு கேக்கலங்க. நீங்கதான் கேக்குறீங்க."

செபமாலையைப் பார்க்க நான் போயிருந்த அன்று மதியம் கண்ணுசாமியும் வந்திருந்தார். அதே பேருந்தின் டிரைவர். இருக்கையில் குலுங்கிக் குலுங்கி முதுகெலும்பு போனவர். குளத்தூரிலிருந்து மொபெட்டில் தினமும் வருகிறார், தினமும் சண்டை போடுகிறார். பேருந்து போய் மொபெட் வந்தும், கிளம்பும்போது செபமாலை இரட்டை விசில் கொடுத்தால்தான் வண்டியை எடுப்பார் என்பது இருபது வருடப் பழக்கம். ஆறு வாரமாக அந்த விசில் இல்லை. அதில் அவருக்கு வருத்தம்.

மணி இரண்டு. செபமாலை ஊதினார். காது நிமிரவில்லை.

போன வாரம்தான் வலி கூடியதால் மருத்துவர் அளவை ஏற்றியிருந்தார். செபமாலை பெட்டிச் சாவியைத் தொடவில்லை. நாயின் விலாவில் கைவைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, உதடு அசைய மூச்சை எண்ணினார். ஈறைத் தூக்கி நிறம் பார்த்தார். தோளைத் தொட்டு உலுக்கியதும் ஸ்டெப்னி கண்ணைத் திறந்தது, அடையாளம் கண்டது, திரும்ப மூடிக்கொண்டது. தொலைபேசியில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். இந்த வேளையை விட்டுவிடுங்கள், பக்கத்தை விட்டு நகராதீர்கள், மூச்சு குறைந்தால் உடனே கொண்டுவாருங்கள், நன்றாக விழித்து வலியில் முனகினால் கூப்பிடுங்கள் என்றார் அன்புமொழி. தாளில் இரண்டு மணிக்கு நேராக ஒரு கோடு விழுந்தது.

காத்திருக்கிற நேரத்தில் கண்ணுசாமி வாய் சும்மா இருக்கவில்லை. "அதுக்கு வேணாங்கிற அந்த ஒண்ண எனக்குக் குடு கண்டக்டரே. நாய் சொகமாத் தூங்குது, நான் முதுக வச்சுக்கிட்டு முழிச்சுக் கெடக்கேன்."

"பாஸு இவன் பேர்ல இருக்கு டைவரே. ஒன் மூஞ்சிக்குச் செல்லாது."

"ரொம்பத்தான்."

"பொழுது சாஞ்சா நீ குவாட்டரு போடுவ. ரெண்டும் சேந்தா தூக்கத்துலயே மூச்சு நின்னுரும்னு டாக்டரம்மா சொல்லிருக்கு. நாளைக்குக் காலையில வா, பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

கண்ணுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பாமலேயே, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.

நாலரைக்கு ஸ்டெப்னி விழித்தது. முதலில் தண்ணீர் குடித்தது. பிறகு காலை நக்கத் தொடங்கியது. நக்குவது முனகலாகி, முனகல் அழுகையாயிற்று. செபமாலையின் கை தானாகப் பெட்டிச் சாவிக்குப் போனது. சாவியைப் பிடித்துக்கொண்டே மருத்துவரை அழைத்தார். ஒருமுறை எடுக்கவில்லை; நாய் அழுதது. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. மரிய செல்வி, கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். செபமாலை திறக்கவில்லை. நாயின் பாதத்தைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு திரும்ப அழைத்தார். மூன்றாம் முறை கிடைத்தது. விசிலுக்குக் காது நிமிர்கிறதா என்று கேட்ட மருத்துவர், நிமிர்ந்தால் பாதி மட்டும் கொடுங்கள், பத்து மணி மாத்திரைக்கு முன் என்னிடம் பேசுங்கள் என்றார்.

ஊதினார். காது நிமிர்ந்தது. பிளேடால் மாத்திரையை வெட்டினார். "இப்ப டாக்டரே அரை டிக்கெட்டுதான் கிழிக்கிது" என்றார் கண்ணுசாமி. யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான். அரை மணி நேரத்துக்கு மேலாயிற்று அழுகை முனகலாகி அடங்க. ஸ்டெப்னி மோவாயைச் செபமாலையின் கால்மேல் வைத்துக்கொண்டது. மூச்சு சீராக ஏறி இறங்கியது.

பொழுது சாயுமுன் கண்ணுசாமி கிளம்பினார். "இன்னைக்காவது டபுள் குடுய்யா, போறேன்."

செபமாலை மாட்டேன் என்று தலையசைத்தார். "ஒண்ணுன்னா நில்லு, ரெண்டுன்னா போன்னு இவனுக்குத் தெரியும். இவன் காதுல ரெண்டு ஊத எனக்கு மனசு வரல டைவரே."



நாயின் தலையை மெல்லத் தூக்கிச் சாக்கில் வைத்துவிட்டு, செபமாலை வாசலுக்கு வந்தார். கண்ணுசாமி முதுகைப் பிடித்துக்கொண்டு மொபெட்டில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தார். செபமாலை விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, பின்னிருக்கையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்.