தாழ்வுபாட்டில் பெயர் அழிந்த ஆறு கான்கள்

போர் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கி இரண்டாம் வருடம், ஆடி மாதம் மன்னார்த் தீவிலுள்ள தாழ்வுபாட்டுக்குப் போனேன். எல்லோரும் கடல் பார்க்கப் போவார்கள். நான் கழிவு பார்க்கப் போனேன். கொழும்பில் ஒரு கலர் லேப்பில் இரசாயனப் பகுதியில் வேலை எனக்கு. முன்பு எங்களோடு வேலை செய்த ஜெசிந்தா அக்கா ஊர் திரும்பி, பூட்டிக் கிடந்த தன் ஸ்ரூடியோவைத் திறக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். இனி டிஜிட்டல் கமராதான். ஆனால் பின்னறையில் பிலிம் கழுவிய காலத்து மருந்துகளோடு பிளாஸ்டிக் கான்கள் ஆறு, லேபிள் அழிந்து கிடந்தன. "ஒரு இடமும் ஊத்திப்போடாதேங்கோ, நான் வாறன்" என்று ரெலிபோனில் கத்தினேன். உதவி பாதி, என்ன இருக்கிறது என்று அறியும் ஆசை பாதி.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வவுனியா வந்து, காலை 6.15க்கு பஸ். ஏறக்குறைய 80 கிலோமீற்றர், ரிக்கற் 105 ரூபா. வழியில் சோதனைச் சாவடியில் என் பை திறக்கப்பட்டது. ரப்பர் கையுறை, லிட்மஸ் தாள், வெற்றுப் போத்தல், செப்புக் கம்பி. சிப்பாய் கம்பியைத் தூக்கிப் பிடித்து "மொகக்த மே?", இது என்ன, என்று கேட்டார். ஸ்ரூடியோ வேலை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். உடனே தொப்பியைச் சரிசெய்து படம் எடுக்க நின்றுவிட்டார்! கமரா இல்லை என்று புரியவைக்க இருபது நிமிடம் போனது. மன்னாரில் இறங்கும்போது 9.20. அங்கிருந்து தாழ்வுபாடு ஐந்து கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 250 ரூபா.

ஸ்ரூடியோவின் பின்புறம் வெள்ளை மணல், நடுவில் ஒரு கிணறு. மூன்று வீட்டுக்கு அதுதான் குடிதண்ணீர். இந்தத் தீவில் சில அடி தோண்டினாலே தண்ணீர். மணலில் ஊற்றுவது கிணற்றில் ஊற்றுவது போலத்தான்.

வேலையைத் தொடங்கினேன். கானுக்குள் மூக்கை விடக்கூடாது. மூடியைத் திறந்து, கையால் காற்றை விசிறி மணம் பார்க்கவேண்டும். இரண்டு கான் தேயிலைச் சாயம் போல் கறுத்திருந்தது, சிவப்பு லிட்மஸ் நீலமானது: டெவலப்பர். மூன்றில் வினாகிரி மணம். அவற்றிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செப்புக் கம்பியை இட்டேன். ஒன்றில் கம்பி அப்படியே இருந்தது, அதில் வெள்ளி இல்லை. மற்ற இரண்டிலும் சில நிமிடத்தில் சாம்பல் வெள்ளையாகப் படிந்தது. படத்திலிருந்து கரைந்த வெள்ளி! அதாவது பாவித்த பிக்ஸர், படத்தை அழியாமல் நிலைக்கவைக்கும் மருந்து, எல்லாவற்றிலும் அதிகக் கவனம் தேவைப்படுவது. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

"எல்லாத்தையும் ஒரு பெரிய பரலிலை ஊத்தினால் லேசெல்லே, தங்கச்சி?" என்றார் அக்கா.

"கூடாது அக்கா. டெவலப்பரும் பிக்ஸரும் சேர்ந்தால் மூக்கை எரிக்கிற வாயு வரும். அதுசரி, ஆறு எண்டெல்லே சொன்னீங்கள்? இதிலை ஐஞ்சுதானே கிடக்கு?"

அக்கா வேலிப்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுச் சவிரிமுத்து அண்ணன் வந்தார், மீன்பிடிகாரர். "ஓம், நான்தான் எடுத்தனான். போன கிழமை. வலைக்கு மிதப்பு கட்ட ஒரு கான் வேணும், பழசுதானே எண்டு" என்றார். இந்தக் கரையில் மூடி இறுகும் எந்தக் கானும் சும்மா கிடக்காது.

"உள்ளுக்கை இருந்ததை என்ன செய்தனீங்கள்?"

"கடலிலை ஊத்தேல்லைப் பிள்ளை" என்றார் பெருமையாக. "மீன் செத்துப்போமெல்லே. மண்ணிலைதான் ஊத்தினனான்."

கோபப்பட வாயெடுத்தவள் அடங்கிப்போனேன். கடலுக்குத் தீங்கு செய்யக்கூடாதென்று நினைத்த மனிதர் அவர். ஊற்றிய இடத்தைக் காட்டினார். கிணற்றிலிருந்து பன்னிரண்டு காலடி தூரம். வெள்ளை மணலில் பாய் அளவுக்குக் கறுப்பு. பாவித்த பிக்ஸர் வெயில் பட்டால் இப்படித்தான் கறுக்கும்.

"கிணறு?" என்று கேட்டார் அக்கா.

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் கலந்திருக்கக்கூடிய சிறு அளவைக் கம்பி காட்டாது. போத்தலில் மாதிரி எடுத்தேன். கொழும்பில் பரிசோதித்து முடிவு வர மூன்று கிழமை ஆகும்.

ஸ்ரூடியோ திறக்க நான்கு நாள்தான் இருந்தது. அக்கா உள்ளே போய், பெயர்ப்பலகைக்கு வாங்கிய பெயின்றால், கிணற்றில் கட்டுவதற்கு ஒரு மட்டையில் எழுதினார்: "ஸ்ரூடியோ மருந்து ஊற்றப்பட்டது. இந்தத் தண்ணீர் குடிக்க வேண்டாம். ஜெசிந்தா."

"என்ரை பேரைப் போடுங்கோ. ஊத்தினது நான்" என்றார் சவிரிமுத்து அண்ணன்.

"கான் என்ரையெல்லே, அண்ணை" என்றார் அக்கா.

அண்ணன் போய் மண்வெட்டி எடுத்துவந்தார். கையுறை போட்டு, வெள்ளை மணல் தெரியும்வரை வெட்டி, ஏழு பைகளில் கட்டினார்.

இப்படி ஒரு வேலைக்குப் போகிறவர்களுக்கு: கான்களைத் திறக்குமுன் எண்ணுங்கள், குறைந்தால் அயலில் கேளுங்கள். ஒன்றோடொன்று கலக்காதீர்கள். லேபிளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், சாவடியில் நேரம் மிச்சம். மீன் லொறியில் ஏற்றவே கூடாது. நாங்கள் பலசரக்கு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லொறியைப் பிடித்தோம். கான்களும் மணல் பைகளும் எங்கள் லேப்புக்கு வந்தன. பிக்ஸரில் இருந்த வெள்ளியை அங்கே பிரித்தோம்.

ஊரில் சிலர் முதல் கிழமை அக்காவிடம் படம் எடுக்கப் போகவில்லையாம். மூன்று வீட்டுக்காரரும் பவுசர் வண்டியில் வரும் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். முடிவு வந்ததும் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன்: பாதிப்பில்லை, குடிக்கலாம். அன்று பின்னேரம் அக்காவே எடுத்தார்.

"மூண்டு வீட்டுச் சனத்தையும் கிணத்தடிக்குக் கூப்பிட்டனான், தங்கச்சி. முதல் செம்பை அவையளுக்கு முன்னாலை நான் குடிச்சுப்போட்டுத்தான் மட்டையைக் கழட்டினனான்."