தலைவரின் துண்டு

எங்கள் குப்பத்துக் கோயிலில் காணாமல் போனவர்களுக்கென்று ஓர் இடம் உண்டு. பீடத்துக்கும் முதல் பாய்க்கும் நடுவே, சிமெண்டுத் தரையில், ஒரு ஆள் முழந்தாள் போடுகிற அளவு இடம். அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். பெருக்குகிறவள்கூட அதைச் சுற்றித்தான் பெருக்குவாள்.

ஏரிக்கோ கடலுக்கோ போனவன் பனிமூட்டத்திலோ காற்றிலோ சிக்கி, வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லையென்றால், அவன் வீட்டுப் பெண் அவன் உடுத்திக் கழற்றிப் போட்ட துணி ஒன்றைக் கொண்டுவந்து அங்கே வைப்பாள். துவைக்கக் கூடாது. ஆள் வாசனை இருந்தால்தான் ஆண்டவருக்கு அடையாளம் தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்; யாரும் மறுத்துச் சொல்லவில்லை. வைத்த துணியை வேறு யாரும் தொடக் கூடாது. திரும்பி வந்தவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கோயிலுக்கு வந்து, தன் கையால் எடுக்க வேண்டும். எடுத்ததும் அங்கே இருப்பவர்களில் ஒருவர் அவனிடம் எங்கே இருந்தாய் என்று கேட்க வேண்டும். அவன் உள்ளதைச் சொல்ல வேண்டும். பிறகு துணி வைத்த வீட்டில் சோறு தின்ன வேண்டும். அவ்வளவுதான் முறை.

வராமலே போய்விட்டால், பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். போதகர் வந்து துணியை எடுப்பார். அவர் கை துணியில் பட்டதும் பெண்கள் அழ ஆரம்பிப்பார்கள். அதுவரை அழக் கூடாது. துணி கிடக்கிறவரை ஆள் வழிதப்பிப் போயிருக்கிறான், செத்துப்போகவில்லை. அதுதான் எங்கள் விசுவாசம்.

அந்த இடத்தில் என் அம்மா ஒருமுறை எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வான தலைவரின் துண்டை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஜெபம் செய்வது அம்மாவின் வேலை. யார் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் தெரியாது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள்தான் எழுந்து நிற்பாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, டெல்லியிலிருந்து ஆரம்பிப்பாள். பிரதமர், ஜனாதிபதி, மெட்ராஸில் இருக்கும் முதலமைச்சர், கலெக்டர், கடைசியாக எங்கள் தொகுதித் தலைவர். எல்லாரையும் பெயர் சொல்லித்தான். பொதுவாகச் சொன்னால் ஆண்டவர் எவரைப் பிடிப்பார்? 'ஆண்டவரே, அவருக்குப் பொய் சொல்லாத நாக்கைக் குடும். ஏழை வந்து நிக்கும்போது கண்ணைத் தொறந்து வையும். இந்தத் தேசத்தைத் திசை மாறிப்போக வுடாதேயும்' என்று, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி அவர்கள் அப்பனிடம் முறையிடுகிற மாதிரி கேட்பாள். ஓட்டுப் போட்ட ஆளா, போடாத ஆளா என்று பார்க்க மாட்டாள். அந்த நேரத்தில் டெல்லியில் பிரதமருக்குத் தும்மல் வரும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

தலைவர் ஓட்டுக் கேட்க வந்தபோது எங்கள் நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) படகில்தான் முகத்துவாரத்தைப் பார்க்கப் போனார். ஏரி கடலில் வாய் திறக்கிற இடம் அது. மழை முடிந்தால் கடல் மண்ணைக் கொண்டுவந்து அடைத்துவிடும். வாய் அடைத்தால் மீன் குஞ்சும் இறாலும் உள்ளே வராது. ஏரி வெயிலில் கிடந்து கருவாட்டுத் தண்ணீர் மாதிரி ஆகும். தலைவர் எல்லாவற்றையும் பார்த்தார், கேட்டார், தலையாட்டினார். திரும்பி வந்து எங்கள் கோயிலில் முழந்தாள் போட்டு, ஜெயித்தால் வாயை வெட்டித் திறந்து கல் கொட்டி நிறுத்துவேன் என்று பீடத்தைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு அவர் தோளிலிருந்த, கட்சிக் கரை போட்ட துண்டு படகுப் பலகையிலேயே தங்கிவிட்டது. கரையின் நிறத்தைச் சொல்ல மாட்டேன். எந்த நிறமாக இருந்திருந்தாலும் கதை இதுதான்.

தலைவர் ஜெயித்தார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் குப்பத்தில் அந்தக் கட்சியின் கிளைச் செயலாளர். துண்டைக் கொடு, கண்ணாடி போட்டு மாட்டுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். அம்மா கொடுக்கவில்லை. வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று டிரங்குப் பெட்டியில் வைத்தாள். ஒரு மழை வந்து போனது. வாய் மறுபடியும் அடைத்தது. தலைவர் வரவில்லை.

நைனா வலையை உலர்த்தி மடித்துத் தூக்கிக் கட்டினார். 

'வாயி தொறக்கலன்னா நா கும்மிடிப்பூண்டிக்குப் பூட்றேன்மே. இரும்பு உருக்குற கம்பி கம்பெனில ஆள் எடுக்கிறாங்களாம்' என்றார் ஒரு நாள்.

'தண்ணில வளந்த ஆளு நெருப்புல போயி இன்னா செய்வே?'

'வெந்து போவேன்' என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கியிருந்த சமயம். நான் அம்மாவின் பின்னாலேயே கோயிலுக்கு ஓடினேன். அவள் துண்டை நாலாக மடித்து அந்த இடத்தில் வைத்து, முழந்தாள் போட்டாள். கோபமாக இருந்த மாதிரி தெரியவில்லை. கடலுக்குப் போன பெரியப்பாவுக்குத் துணி வைத்தபோது முகம் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்தது. தலைவர் எந்தத் தண்ணீரில் சிக்கியிருப்பார் என்று எனக்கு விளங்கவில்லை. பாவம், நீந்தத் தெரியாதவராக இருக்கும் என்று நானும் பக்கத்தில் முழந்தாள் போட்டேன். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கிளிஞ்சலை மேலே வைக்கலாமா என்று கேட்டேன். தொடாதே என்றாள்.

மாமா மத்தியானமே வந்துவிட்டார். சைக்கிளைக்கூட நிறுத்தவில்லை, அது தானாக வேலியில் போய்ச் சாய்ந்தது.

'யக்கா, இன்னாக்கா பண்ணி வெச்சிக்கீற? ஊரே வாயப் பொத்திக்கினு சிரிக்குது. தலைவரு காதுல வுழுந்தா என் பதவி பூடும்.'

'நா உன்னிய ஒண்ணும் சொல்லலியேடா.'

'போயி எடுக்கா அத.'

'நா எடுக்கக் கூடாது. வந்து அவருதான் எடுக்கணும்.'

'போதகர வுட்டு எடுக்கச் சொல்லு அப்போ.'

அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். 'போதகரு எடுத்தா இன்னா அர்த்தம்னு உனுக்குத் தெரியும். உங்க தலைவரு செத்துப்பூட்டாருன்னு நீயே உன் வாயால சொல்லு. நா இப்பவே போதகரக் கூப்புடுறேன்.'

மாமா வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஏரி மாதிரியே அதுவும் அடைத்துப்போனது. சாய்ந்து கிடந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

போதகர் தெற்கத்திக்காரர், பயந்த சுபாவம். அவரும் வந்து சொல்லிப் பார்த்தார். 'என்னம்மா இது? ஆளு நல்லா இருக்காரு. பேப்பர்ல தினமும் போட்டோ வருதே.'

'போட்டோ வர்து ஐயா. ஆளு வர்லியே.'

போதகர் வந்த வழியே போனார். அந்த லெந்து முழுவதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பிரசங்கம் செய்தார். தப்பித் தவறி விரல் பட்டுவிட்டால் ஆளுங்கட்சித் தலைவரைக் கொன்ற பாவம் யாருக்கு? ஞாயிறுதோறும் அம்மா டெல்லியிலிருந்து தொடங்கி வருவாள். தலைவரின் பெயர் வந்ததும் குரல் மாறும். 'வழி தெரியாம நிக்கிறாரு ஆண்டவரே. வெளிச்சத்தைக் காட்டும். கரை சேத்துக் குடும்' என்பாள். கடலில் இருப்பவர்களுக்குச் சொல்கிற ஜெபம், ஒரு சொல் மாறாமல். முதல் வாரம் சிரித்தவர்கள் அடுத்த வாரம் 'ஆமென்' சொன்னார்கள். மாமாவும் சொன்னார், மெதுவாக.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் சாயங்காலம், பெண்களும் பிள்ளைகளும் கோயிலில் உட்கார்ந்து ஓலை கிழித்துச் சிலுவை முடைந்துகொண்டிருந்தோம். வெளியே கார் சத்தம் கேட்டது. வெள்ளை அம்பாசிடர். கூட்டமில்லை, கொடியில்லை. மாமா முன்சீட்டிலிருந்து இறங்கிப் பின்கதவைத் திறந்தார். முந்தின வாரம் துண்டு விஷயம் தலைவர் வீட்டில் தெரிந்துபோய், தாலிக்கு ஆகாது என்று அவர் மனைவி இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்று மாமா பிற்பாடு சொன்னார். துணியை எப்படி எடுக்க வேண்டும் என்கிற முறையையும் காரிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நனைந்திருக்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். ஓலைக் குவியலைத் தாண்டிக் காலெடுத்து வைத்து, பீடத்தின் முன் குனிந்து, துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

இப்போது யாராவது கேட்க வேண்டும். வலையை விட்டுவிட்டு ஓடிவந்த பெரியவர்கள் வாசலில் நின்றார்கள். நைனாவும் நின்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். போதகர் கையை இன்னும் பின்னாலேயே கட்டியிருந்தார். அம்மா மட்டும் தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கவில்லை, துணி வைத்தவள் கேட்கிற வழக்கம் இல்லை.

முறை கெட்டுவிடுமே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. கையில் ஓலையோடு எழுந்து, 'எங்க இருந்தீங்க?' என்று கேட்டேன்.

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனுஷர் மாதிரிதான் சிரித்தார். குனிந்து என் கன்னத்தைத் தட்டினார்.

'எங்கயும் போலம்மா. இங்கதான், பொன்னேரியிலதான் இருந்தேன். வாராவாரம் லைட்ஹவுஸ் பக்கம் வந்துட்டுத்தான் போறேன். உங்க குப்பத்தத் தாண்டித்தான் கார் போவுது.'

ஓலை கிழிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூழ்கவில்லை, பட்டினி கிடக்கவில்லை, எங்கள் பக்கத்திலேயே பத்திரமாக இருந்திருக்கிறார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஓலை நார்களைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

'வாங்க ஐயா. சோறு தின்னுட்டுப் போங்க' என்றாள்.

தலைவர் எங்கள் வீட்டில் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார். கருவாட்டுக் குழம்பு. பெரிய மனுஷருக்கு அதுதானா என்று மாமா கையைப் பிசைந்தார்.

'ஏரி மீனு இல்லியாம்மா?' என்று தலைவர் கேட்டார்.

'வாயி அடச்சிக்கீது ஐயா' என்றாள் அம்மா.

'தெரியும்மா. மண்ணு எவ்ளோ ஒசரம் ஏறிக்கீதுன்னுகூடத் தெரியும். எல்லாம் எனக்குத் தெரியும்.'

ஒருவேளை ஆறுதலாகத்தான் சொன்னாரோ என்னவோ. அம்மா அவருக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவர் வழித்துச் சாப்பிட்டார். கைப்பக்குவத்தைப் பாராட்டினார். துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். தூசி அடங்கும்வரை பிள்ளைகள் எல்லாரும் பின்னால் ஓடினோம். திரும்பி வந்தபோது அம்மா அவர் சாப்பிட்ட தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டை அவ்வளவு நேரம் தேய்த்து நான் பார்த்ததில்லை.

'நம்ம ஜெபத்துக்குப் பலன் கெடச்சிடுச்சில்லமா?' என்றேன்.

'வந்துட்டாருல்ல' என்றாள்.

அந்தக் கோடையில் வாயை வெட்ட இயந்திரம் எதுவும் வரவில்லை. அதற்கடுத்த மழைக்கு ஏரி பொங்கி, தன் வாயைத் தானே திறந்துகொண்டது, எப்போதும்போல. அதற்குள் நைனா கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டிருந்தார். சனிக்கிழமை ரயிலில் பொன்னேரிக்கு வந்து பஸ் பிடித்து வருவார். மீன் வாசனை போய் அவர் சட்டையில் இரும்பு வாசனை வந்திருந்தது. அந்தச் சட்டையைக் கோயிலில் வைக்கலாமா என்று நான் கேட்டபோது, 'உங்க நைனாவுக்கு வழி தெரியும். தெரிஞ்சி வாராரு. அவருக்கு எதுக்கு?' என்று அம்மா வெடுக்கென்று சொன்னாள்.

இப்போது நான் நகரத்தில் பெரிய ஆலயமொன்றுக்குப் போகிறேன். தலைவர்களுக்கான ஜெபம் அங்கே அச்சிட்டே வருகிறது. பெயர்கள் கிடையாது. தேர்தல் காலத்தில் சத்தமாக வாசிப்பார்கள், மற்ற நாட்களில் வேகமாக வாசிப்பார்கள். நானும் கூடவே வாசித்துக்கொண்டு போவேன். பாதியில் எங்கேயாவது என் நாக்கு நின்றுவிடும்.

அது அந்தக் குருத்தோலை ஞாயிறு காலையிலிருந்து வந்த பழக்கம். ஓலைப் பவனி முடிந்து எல்லாரும் பாயில் உட்கார்ந்தோம். அம்மா எழுந்தாள். டெல்லியைச் சொன்னாள், மெட்ராஸைச் சொன்னாள், கலெக்டருக்குக் கண்ணைத் திறந்து வைக்கச் சொன்னாள். தலைவரிடம் வந்ததும் நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. போதகர் இருமினார். வெளியே காக்கை கத்தியது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். பீடத்தின் முன்னால் காலியாகக் கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டு, அங்கே எதையோ தேடுகிறவள்போல.

வழிதப்பிப் போனவருக்கு எங்கள் கோயிலில் ஜெபம் இருந்தது. அது அவளுக்கு மனப்பாடம்.

அம்மாவுக்குப் பெயர் மறந்துபோய்விட்டது என்று நினைத்து, பாயிலிருந்து நான் சத்தமாக எடுத்துக் கொடுத்தேன். அவள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னாள். அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. பெயரை மட்டும் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு முறையும் நான் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவு பெரியவர்கள் இருக்கிற சபையில் தலைவரின் பெயரை மறக்காமல் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான் என்று எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.