கடித்த சேணம்

நொண்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். என் குதிரை நொண்டவில்லை. நடை குறுகியது, அவ்வளவுதான். அதைத் திமிர் என்று நினைத்தேன். பதினோரு வருஷம் வளைகுடாவில் குதிரைகளோடு குப்பை கொட்டியவனுக்கு வந்த நினைப்பு அது.

எங்கள் ஊர் வடகரையிலிருந்து போனவர்கள் கடையில் நின்றார்கள், டிரைவர் ஆனார்கள். எனக்கு வாய்த்தது ஒரு குதிரை லாயம். லத்தி அள்ளுவது, குளிப்பாட்டுவது, தோல் சாமான்களுக்கு எண்ணெய் பூசுவது என் வேலை. அங்கே சுவர் நீளத்துக்குச் சேணங்கள் தொங்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குதிரையின் பெயர் எழுதியிருக்கும். ஒன்றின் சேணத்தை இன்னொன்றுக்குப் போடக்கூடாது. பணக்காரக் கொழுப்பு என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். ஏன் என்று ஒரு தடவைகூட யாரிடமும் கேட்கவில்லை. நான் ஊருக்குக் கிளம்பும்போது, செத்துப்போன ஒரு குதிரையின் சேணத்தை முதலாளி எனக்குக் கொடுத்தார். மனைவிக்கு வாங்கியதில் பாதியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு அதை உள்ளே வைத்தேன்.

ஊருக்கு வந்து ஒரு பெட்டைக் குதிரை வாங்கினேன். கல்யாண ஊர்வலங்களுக்குப் போய்க்கொண்டிருந்தவள். குட்டை உடம்பு, பாய் விரித்துப் படுக்கலாம் போல அகன்ற முதுகு. சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களை ஏற்றி ஒரு சுற்று நடத்திக் கூட்டிவருவோம், அவளும் நானும். சேணத்தைச் சாரலில் நனைக்க மனசு வராமல் பீரோ மேல் வைத்திருந்தேன். முதல் சீசன் முழுக்க வைக்கோல் திணித்த மெத்தைதான் அவள் முதுகில், அதை வயிற்றோடு சேர்த்துக் கட்ட ஒரு பட்டை. கழுத்தைத் தாழ்த்தி, முதுகு அசைய அசைய நடப்பாள். முன்னங்கால் ஈரமண்ணில் பதிந்த தடத்தைத் தாண்டி ஒரு சாண் தள்ளிப் பின்னங்கால் விழும். மேலே உட்கார்ந்தவர்களுக்குக் கண் சொக்கும். அந்த நடையை வீடியோ எடுத்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த சீசனில், தலையணையைக் கட்டிக்கொண்டு வருகிறான் என்று மற்ற குதிரைக்காரர்கள் கேலி பேசினார்கள். ரோஷம் வந்துவிட்டது. பீரோ மேலிருந்து சேணம் இறங்கியது.

முதல் நாளே காதைப் பின்னால் மடித்தாள். பட்டையை இறுக்கும்போது என் தோளைக் கடிக்க வந்தாள். புதுச் செருப்பு கடிப்பதில்லையா? தேங்காய் எண்ணெயைத் தடவி, இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டால் பழகிவிடும். நம் ஊரில் எல்லோர் காலும் அப்படித்தான் பழகியிருக்கிறது. நானும் சேணத்துக்கு எண்ணெய் பூசினேன். ஆடுகிறதே என்று பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கினேன். அடியில் கனமான கம்பளி ஒன்றை மடித்து வைத்தேன். இறுக்கமான செருப்புக்குள் கனத்த சாக்ஸ் போட்ட மாதிரி என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அவள் தலையைத் தூக்கிக்கொண்டு, முதுகைக் கீழே அமுக்கிக்கொண்டு, குச்சி குச்சியாகக் கால் வைத்தாள். தலை தூக்கினால் அடக்கத் தெரியாதா எனக்கு? முள் கடிவாளம் வாங்கி வாயில் போட்டேன். தலை இறங்கியது. பார்த்தாயா என்று பெருமையாக மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குதிரையின் உதட்டைத்தான் பார்த்தாள். நுரை சிவப்பாக இருந்தது.

"வாயில ரத்தம் வருதுல்லா. என்ன இப்பிடிச் செய்யுதிய? அதுக்கு எங்கயோ வலிக்குது."

"ரெண்டு நாளு போட்டாப் பழகிரும். சும்மா இருட்டி."

ஒரு மத்தியானம் சேணத்தை இறக்கியபோது, உடம்பெல்லாம் வேர்த்திருக்க, தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. நல்ல தோல், அந்த இடத்தில் வேர்க்கவே விடவில்லை என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தக் காய்ந்த இடங்கள் வீங்கி, தோல் உரிந்த பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். சின்ன வயதுப் பெண். முதலில் குதிரையை நடக்கவிட்டுப் பார்த்தார். தரையில் தடத்தைக் காட்டினார். பின்னங்கால் முன்னங்காலின் தடத்தை எட்டவே இல்லை. பிறகு சேணத்தைக் கவிழ்த்துப் போட்டு, என் கையைப் பிடித்து அதன் உள்பக்கத்தில் அழுத்தினார். தோலுக்கும் பஞ்சுக்கும் அடியில் கட்டையாக ஏதோ தட்டுப்பட்டது. எண்ணெய் பூசிப் பழக்கிய கதையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உள்ள இருக்கது மரச்சட்டம். எத்தனை எண்ணெய் போட்டாலும் விரியாது. இது ஒடுக்கமான முதுகுள்ள குதிரைக்குச் செஞ்சது. இவ அகல முதுகுல சட்டம் ரெண்டு பக்கமும் கிடுக்கி மாதிரி அழுத்தியிருக்கு. அங்க ரத்த ஓட்டம் நின்னு, வேர்க்கக்கூட முடியலை."

அந்தச் சுவரும் அதிலிருந்த பெயர்களும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. பதினோரு வருஷம் தினமும் துடைத்த பெயர்கள். பதில் என் கண் முன்னால்தான் எழுதித் தொங்கியிருக்கிறது.

சேணத்தை மறுபடி பீரோ மேல் போட்டேன். முள் கடிவாளத்தை மனைவி எங்கோ எறிந்துவிட்டாள்; நான் கேட்கவில்லை. புண் ஆறியது. அந்த இரண்டு இடத்திலும் முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது. இனி அப்படித்தான் இருக்குமாம். சவாரிக்கு அவளைக் கூட்டிப்போவதில்லை. வெறும் கயிற்றைப் பிடித்து மேக்கரை ரோட்டோரம் நடத்துகிறேன். இப்போது மருத்துவர் எங்கே அழுத்தினாலும் அவள் கூசுவதில்லை. வலி போய்விட்டது என்கிறார். நான் தடவிக்கொடுக்கப் போனால் மட்டும், கை படுவதற்கு முன்பே முதுகு கீழே இறங்குகிறது.

இந்த வருஷமும் சாரல் நன்றாக விழுகிறது. நடத்தி முடித்ததும் குனிந்து ஈரமண்ணைப் பார்க்கிறேன். பின்னங்கால் இன்னும் எட்டவில்லை. எட்டும் என்று மனைவி சொல்லுவாள். கொஞ்ச நாளாக அவளும் சொல்வதில்லை. பீரோ மேல் சேணம் அப்படியே இருக்கிறது, ஒரு நூல்கூட விரியாமல். பழகிரும் என்று நான் சொன்னது அதைத்தான். பழகியது என் குதிரை. முதுகில் ஒன்றுமே இல்லாமல், இன்னும் அந்தச் சேணத்தைச் சுமந்தபடிதான் நடக்கிறாள்.