நிறுத்தச் சொன்ன மருந்து

டாக்டர் இயேசுதாசன் வேலை செய்வது ஒரு சமூக மருத்துவமனையில். பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்த வயதானவர்கள் மறுபடி நடக்கப் பழகும்வரை தங்கும் இடம் அது. கிருமித் தொற்றுக்கென்று நிபுணர் அங்கே யாரும் இல்லை. நகரத்தின் இன்னொரு மூலையிலிருந்து ஃபர்சானா என்ற மருந்தாளர் கணினியில் நோயாளிகளின் விவரங்களைப் பார்த்து, யாருக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்று எழுதி அனுப்புவார். ஏற்பதும் மறுப்பதும் டாக்டர்கள் பாடு.

"ஆளைப் பாக்காமலே சொல்றாங்க லா" என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேசுகிற ஒரே ஆள் இயேசுதாசன்தான்.

போன வருடம் ராமலிங்கம் வந்தார். ஆங் மோ கியோ வட்டாரத்துக்காரர், இடுப்பு எலும்பு முறிவு. ஒருநாள் ஏதேதோ உளறினார். சிறுநீரைச் சோதித்ததில் கிருமி இருப்பதாக முடிவு வந்ததும் இயேசுதாசன் ஆன்டிபயாட்டிக் தொடங்கினார். காய்ச்சல் இல்லை, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் இல்லை. இந்த வயதில் சிறுநீரில் கிருமி சும்மாவே இருக்கும், நிறுத்தலாம் என்று ஃபர்சானா எழுதினார். இயேசுதாசனுக்கு அது சரி என்று பட்டது. நிறுத்தினார்.

இரண்டு நாளில் ராமலிங்கத்துக்குக் காய்ச்சல் கண்டது. சாப்பாடு புரையேறி நுரையீரலில் சளி கட்டியிருந்தது. ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே இறந்துபோனார்.

காரியங்கள் முடிந்த பிறகு மகள் தாரணி வந்தாள்.

"மருந்த நிறுத்தலைன்னா அப்பா இருந்திருப்பாரா, டாக்டர்?"

"இல்லம்மா. இது வேற இன்ஃபெக்ஷன். அந்த மருந்து இதுக்குக் கேட்டிருக்காது."

"அப்ப எதுக்கு ஸ்டார்ட் பண்ணீங்க? ஸ்டார்ட் பண்ணிட்டு எதுக்கு நிறுத்துனீங்க?"

அவரிடம் இருந்த பதில்கள் எல்லாம் மருத்துவம். அவள் கேட்டது அதை அல்ல. அவள் போய்விட்டாள்.

சில மாதம் கழித்து பூவம்மா வந்தார். தேக்காவில், மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் வீடு. முழங்கால் அறுவை முடிந்து, தடியூன்றி வார்டின் கடைசிவரை நடக்கத் தொடங்கியிருந்தார். அவருக்கும் சிறுநீரில் கிருமி. பொறுப்பில் இருந்த இரவு டாக்டர் மருந்து தொடங்கியிருந்தார். நிறுத்தலாம் என்று ஃபர்சானா எழுதினார். இயேசுதாசன் நிறுத்தவில்லை.

ஃபர்சானா போன் செய்தார். "டாக்டர், நீங்க எப்பவும் கேப்பீங்களே. நான் எதாச்சும் தப்பா எழுதிட்டேனா?"

"நீங்க எழுதுனது கரெக்ட்தாம்மா."

"அப்புறம்?"

"நிறுத்தக் கை வர மாட்டேங்குது. நீங்க அங்க ஸ்கிரீன்ல பாக்கறீங்க. நான் இங்க அவங்க குடும்பத்தோட முகத்தப் பாக்கணும்."

"நான் சொல்லத்தான் முடியும், டாக்டர்" என்றார் ஃபர்சானா.

பூவம்மாவுக்கு மருந்து முடிகிற சமயத்தில் வயிற்றுப்போக்கு பிடித்தது. ஆன்டிபயாட்டிக் நல்ல கிருமிகளை அழித்துவிட, குடலில் கெட்டது பெருகிவிட்டது. மற்றவர்களுக்குத் தொற்றாமல் இருக்கத் தனி அறையில் போட்டார்கள். நடைப்பயிற்சி நின்றது. வயிறு சரியாகி வார்டுக்குத் திரும்பியபோது கால்களில் வலு இல்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்தாலும் நிற்க முடியவில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் முதியோர் இல்லத்தில் இடம் பார்த்தார்கள்.

"தேக்காவுக்குத்தானே போறோம்?" என்று பூவம்மா மகனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். மகன் போர்வையைச் சரிசெய்தார்.

சக்கர நாற்காலியை வேனில் ஏற்றுகிற நேரம் இயேசுதாசன் கீழே இறங்கி வந்தார். நடந்ததை உள்ளபடி சொல்லிவிடத்தான் வந்தார்.

"அந்த வயித்துப்போக்கு… நாங்க கொடுத்த மருந்தால வந்தது. நிறுத்தச் சொன்னாங்க, நான் நிறுத்தல" என்றார்.

மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பரவால்ல டாக்டர். அம்மாவுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னுதானே கொடுத்தீங்க. நல்லாப் பாத்துக்கிட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ்."

வேன் கிளம்பியது. மேலே வார்டில் ஃபர்சானாவின் புதுக் குறிப்புகள் இரண்டு காத்திருந்தன. ஒன்றை ஏற்றார். மற்றதைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.