அக்காவும் இடது பக்கம் இழுக்கும் பஸ்ஸும்

என் அக்காவைப் பற்றி யாராவது "பாவம், சாது" என்று சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சாதுவாவது, மண்ணாங்கட்டியாவது! பார்க்கத்தான் அப்படி. ஒன்றை மனதில் போட்டுக்கொண்டால் உடும்புப்பிடிதான், விடமாட்டாள். வீட்டில் அவளுக்குப் பெயரே உடும்பு.

பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிற வேலை அவளுக்கு. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், ஒரு கையில் தண்ணீர்க் குழாய், மறு கையில் நீளக் கம்பு வைத்த பிரஷ். ஊரெல்லாம் சுற்றிச் சேறு பூசிக்கொண்டு வரும் பஸ்களைக் குளிப்பாட்டி அனுப்புவாள். பல வருஷம் அதைச் செய்தவள், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உப்பை எடுத்துக் கொடு என்கிற தொனியில் சொன்னாள்: "நான் பஸ் ஓட்டப் போறேன்."

மாமாவுக்குப் புரையேறிவிட்டது. அக்கா புருஷன் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவர். தங்கமான மனுஷன், ஆனால் வண்டி என்றாலே அவருக்கு ஆகாது. அடுத்தவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால்கூட, ஓட்டுகிறவரின் சட்டையைக் கசக்கிப் பிழிந்துவிடுவார்.

"எந்த பஸ்ஸு?" என்று கேட்டார், ஏதோ அதுதான் பிரச்சினை என்பதுபோல.

"எதைக் குடுக்குறாங்களோ அது."

"உன் கால் பெடலுக்கு எட்டுமாக்கா?" என்றேன் நான். அக்கா என் தோள் உயரம்தான்.

"முதுகுக்குத் தலையணை வெச்சுக்குவேன். நீ சாப்பிடு."

விஷயம் இதுதான். டிப்போவில் பெண்களையும் டிரைவராக எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. கனரக வண்டி லைசென்ஸ் வேண்டும். வயது நாற்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. அக்காவுக்கு நாற்பது முடியச் சில மாதங்களே இருந்தன. அதற்குள் டெஸ்டில் பாஸானால் ஸ்டீயரிங். இல்லையென்றால் கடைசிவரை அதே குழாய், அதே பூட்ஸ்.

அன்று முதல் வீடே டிப்போவானது. சாப்பாட்டு நாற்காலிதான் டிரைவர் சீட்; பெரிய பாத்திர மூடிதான் ஸ்டீயரிங். மாமா குறுக்கே நடந்தால், "ரிவர்ஸ் வருது, ஒதுங்குங்க" என்பாள். அவரும் பயபக்தியோடு சுவர் ஓரமாக ஒதுங்குவார்.

டிப்போவில் அவள் பழக ஒரு கிழட்டு பஸ்ஸைக் கொடுத்தார்கள். கீறினாலும் இடித்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள், அதனால் அந்தப் பெருந்தன்மை. லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது விதி. அதற்கு வந்தவர் ஒரு டிரைவர் அண்ணன். எப்போதும் கொட்டாவி விட்டுக்கொண்டே இருப்பதால் அவரைக் கொட்டாவி அண்ணன் என்பார்கள். அவர் பாதித் தூக்கத்தில் "ம், போ... ம், வா" என்பார், அக்கா போவாள், வருவாள். டெஸ்டுக்கு முந்தின வாரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று பீற்றிக்கொள்ளுமளவுக்குத் தேறிவிட்டாள்.

டெஸ்டில் அவளுக்குக் கொடுத்தது புத்தம் புது பஸ். கிளப்பினாள். பத்தடி போனதும் வண்டி வலது பக்கமாகச் சாய்ந்துகொண்டு போய், வரிசையாக நட்டிருந்த கம்பங்களில் ஒன்றைத் தள்ளிவிட்டது. நேராக்கினாள், மறுபடி வலது பக்கமே போனது. அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்தக் கிழட்டு பஸ் இடது பக்கம் இழுக்கும். அதைச் சமாளிக்க அக்கா ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலது பக்கமாகவே பிடித்துப் பிடித்துப் பழகியிருக்கிறாள். நல்ல வண்டி கைக்கு வந்தபோதும் கை அப்படியே பிடித்துக்கொண்டது. பஸ்ஸின் கோணல் அவள் கைக்கு வந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

மறுநாள் டிப்போவில் ஒருத்தன், "தண்ணி அடிக்கிற கைக்கு ஸ்டீயரிங் கேக்குதாம்" என்று சொன்னானாம். கேட்டதும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அக்காதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அவன் வாயை அடைச்சா எனக்கு லைசென்ஸ் குடுப்பாங்களா? உட்காருடி."

"உனக்கு ரோஷமே கிடையாதா?"

"இருக்கு. அதுக்கு இப்போ நேரமில்ல. வயசு முடியிறதுக்குள்ள இன்னும் ஒரு டெஸ்டுதான் இருக்கு."

கிழட்டு பஸ்ஸை அதோடு தலைமுழுகினாள். கழுவி முடித்த ஒவ்வொரு வண்டியையும் வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிற வேலையையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார ஆள்? வேலை முடித்துவிட்டு வீட்டுக்குப் பறக்கும் டிரைவர் யாரும் உட்காரமாட்டார்கள். அக்கா அவர்களுடைய சீட்டைத் துடைத்தாள், கண்ணாடியைப் பளபளப்பாக்கினாள், மிதியடியை உதறிப் போட்டாள். "அஞ்சு நிமிஷம்ணே, வரிசை வரைக்கும் மட்டும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். முதலில் கொட்டாவி அண்ணன் வந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அவளைத் தவிர்ப்பதைவிட அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவது சுலபம் என்று புரிந்திருக்கும்.

ஒரு வண்டிக்குக் காலை முழுக்க எடுத்தால்தான் கிளட்ச் பிடிக்கும், ஒன்றுக்கு கியர் முரண்டு பண்ணும், ஒன்றின் ஸ்டீயரிங் கல்லு மாதிரி. எல்லாவற்றிலும் ஏறினாள். ராத்திரி தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்துவிட்டது நான்தான். வலிக்கிறதா என்றால் "நல்லாத் தேய்" என்பாள், அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷிதானா இவள், கல்லா?

இரண்டாவது டெஸ்டுக்கு நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் அரை நாள் லீவு போட்டுக் கூடப் போனேன். வயிற்றைக் கலக்குகிறது என்று மாமா வீட்டிலேயே தங்கிவிட்டார். அக்கா ஏறி, தலையணையைச் சரிபண்ணி, வண்டியைக் கிளப்பினாள். மெதுவாக நகர்த்தி, பிடியைத் தளர்த்தி, இந்த வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகுதான் ஓட்டினாள். வளைவு முடிந்தது, ஒரு கம்பமும் அசையவில்லை. மேட்டில் நிறுத்தி மறுபடி கிளப்பும்போது இன்ஜின் உறுமிவிட்டு அணைந்துபோனது. வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டி பின்னால் உருண்டால் தீர்ந்தது கதை. உருளவில்லை, ஹேண்ட்பிரேக்கை ஏற்கெனவே இழுத்துவிட்டிருந்தாள். சாவியைத் திருப்பினாள், வண்டி மேட்டில் ஏறியது. ரிவர்ஸில் கொண்டுபோய்க் கோட்டுக்குள் நிறுத்தினாள்.

அதிகாரி காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "பாஸ். இறங்குங்கம்மா" என்றார்.

அக்கா இறங்கவில்லை.

"பாஸாயிட்டீங்கம்மா, இறங்குங்க" என்றார் மறுபடி. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நான் ஓடிப்போய்ப் படியில் ஏறினேன். சீட்டில் அவள் கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. முழங்காலைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், அப்போதும் நிற்கவில்லை.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடி. நின்னுடும். எப்பவும் இப்படித்தான்."

"எப்பவுமா?"

"வண்டியில ஏறுன முதல் நாள்லேருந்து. ஓட்டுறப்போ இருக்காது. இறங்குறப்போ வந்துடும்."

என் கண் நிறைந்துவிட்டது. அத்தனை நாள் தைலம் தேய்த்த எனக்கு அது தெரியாது. "இவ்ளோ பயத்தை வெச்சுக்கிட்டு ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

"போகாதன்னு சொல்லியிருப்பேன்."

"நானும் போயிருக்க மாட்டேன்டி" என்றாள் அக்கா.