லாரியின் முகத்துக்கு ஊருணித் தண்ணீர்

எங்கள் மினி லாரியின் சாவி நாலு மாதமாக என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில்தான் இருந்தது. வண்டி வாசலில் நின்றது. சாவி மட்டும் அவரோடு டீக்கடைக்கும் கண்மாய்க்கரைக்கும் போய் வந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால் இடுப்பில் டிஸ்க் விலகி அவருக்கு ஆபரேஷன் செய்திருந்தார்கள். ஒரு வருஷத்துக்குக் கிளட்ச்சை மிதிக்கவே கூடாது என்பது டாக்டர் கட்டளை. சம்பளத்துக்கு ஒரு டிரைவரைப் போட்டோம். அவன் இரண்டே மாதத்தில் இரண்டு டயரைக் கிழித்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டான். அப்புறம்தான் நான் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய் டிரைவிங் பழகினேன். லைசென்சும் வாங்கினேன். என்னோடு டெஸ்டுக்கு வந்த இரண்டு ஆண்பிள்ளைகள் பெயில், நான் முதல் தடவையிலேயே பாஸ். இதை எல்லோரிடமும் சொல்வது என் வழக்கம், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

லைசென்ஸ் வந்த பிறகும் அவர் சாவியைத் தரவில்லை. அறுத்த வயலில் ஓட்டச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து "நல்லாத்தான் ஓட்டுற" என்பார். ரோட்டில் ஏற்றட்டுமா என்று கேட்டால் மட்டும் ஒரு காரணம் முளைக்கும். பிரேக் பார்க்கணும் என்றார், பார்த்தோம். இன்சூரன்ஸ் முடிகிறது என்றார், கட்டினோம். இந்தத் தை அறுப்பு முடிந்து, ஆர்.எஸ்.மங்கலம் மில்லிலிருந்து பெரியபட்டினத்துக் கடை ஒன்றுக்கு அரிசி மூட்டை ஏற்ற வாடகை வந்தது. கடைக்காரர் பழகின மனிதர். "யாரு ஓட்டுனா எனக்கென்ன, அரிசி வந்தாச் சரி" என்று போனில் சொல்லிவிட்டார். இனி என்ன காரணம் சொல்வார் பார்க்கலாம் என்று நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"முன்னாடி அந்தக் கிரில்லைப் பாத்தியா?" என்றார்.

ரேடியேட்டருக்கு முன்னால், வண்டிக்கு முகம் மாதிரி இருக்குமே, அந்தக் குரோம் கிரில். மாரியூரில் மீன் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் பழைய வண்டியாக வாங்கியது. ஐஸ் தண்ணீரும் கடல்காற்றும் குடித்துக் குடித்து, பாதிக் குரோம் உரிந்து, மீதியில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறியிருந்தது.

"நீங்க ஓட்டுனப்பவும் இதே மூஞ்சிதானே?"

"நான் ஓட்டுனா எவன் பாத்தான்? நீ ஓட்டுனா ஊரே முன்னாடி நின்னு பாக்கும் புள்ள. அந்தத் துருவைக் காட்டி, எங்கனயோ கொண்டுபோயி இடிச்சுப்புட்டாளாம்னு பேசுவானுக. மூஞ்சியச் சரிபண்ணு, சாவி தாரேன்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது. சரி, ஒரு வாரத்தில் சரிபண்ணிக் காட்டுகிறேன், அப்புறம் பேச்சு மாறக் கூடாது என்றேன். மாற மாட்டேன் என்று வண்டி மேலேயே சத்தியம் செய்தார்.

மதுரையில் குரோம் முலாம் போடும் கடைக்குப் போன் போட்டால், அவர்கள் சொன்ன காசுக்கு வெள்ளாடு இரண்டு பிடித்துவிடலாம். புது கிரில் அந்த மாடலுக்கு இப்போது வருவதில்லையாம். கடைசியில் எங்கள் வழக்கமான மெக்கானிக்தான் வழி சொன்னார். குரோம் இருக்கிற இடத்தில் புரோட்டாப் பார்சல் கட்டுகிற வெள்ளித்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். உரிந்த இடத்தை வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள் போட்டு வெறும் இரும்பு தெரிகிறவரை உரசி, அலசி, காயவைத்து, பிரைமரும் சில்வர் ஸ்ப்ரேயும் அடிக்க வேண்டும். வெள்ளித்தாளா, என்னைக் கேலி செய்கிறாரா என்று நான் முறைத்தேன். "தேச்சுப் பாருங்கக்கா, அப்புறம் முறைங்க" என்றார்.

முதலில் கழற்ற வேண்டுமே. எட்டு போல்ட். எட்டும் துருப்பிடித்து உடம்போடு ஒட்டிக் கிடந்தன. என் வீட்டுக்காரர் குனியக் கூடாது. அதனால் வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இடுப்பில் பெல்ட்டோடு உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செய்தார். டீசல் விடு, ஊறட்டும் என்றார். இந்தப் பக்கம் திருகு, அந்தப் பக்கம் திருகு, ஐயோ அப்படி இல்லை, ஸ்பேனரைப் பிடிக்கிற லட்சணத்தைப் பாரு என்றார். ஆறு போல்ட் கழன்றது, இரண்டு உடைந்தது. ஸ்பேனரை அவர் மடியில் போட்டுவிட்டு, "வாங்க, நீங்களே வந்து திருகுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "டீ போட்டா எனக்கும் ஒரு வாய்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

வெள்ளித்தாள் விஷயம் மெய்தான். கசக்கி உருட்டி, நனைத்து, தேய்க்கத் தேய்க்கப் பழுப்பாகக் குழம்பு வழிந்தது. துணியால் துடைத்தால் உள்ளே பளபளவென்று குரோம். எனக்கு நம்ப முடியவில்லை. ஒரு பட்டையில் என் முகம், இன்னொரு பட்டையில் வேப்ப மரம், அதற்கடுத்ததில் நாற்காலியில் அவர். அன்று மத்தியானம் சோறு வடிக்கவே மறந்துபோனேன். கல்யாண வீட்டுக்குப் போகிற சந்தோஷம் எனக்கு. உரிந்த இடங்களையும் வாட்டர் பேப்பரால் உரசி முடித்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. விரல் நுனியெல்லாம் எரிந்தது. கிரில்லை நன்றாக ஏழெட்டு வாளி ஊற்றி அலசி, நடையில் சாய்த்து வைத்தேன். காலையில் பிரைமர் அடித்துவிடலாம் என்று நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் வந்து பார்த்தால் மஞ்சள் பூசிக் குளித்தது மாதிரி நிற்கிறது. நான் உரசி வெள்ளையாக்கிய இரும்பு முழுவதும் புதுத்துரு. குரோம் மேலேயும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"அடப் பாவி!" என்று கத்திவிட்டேன். யாரை என்று எனக்கே தெரியவில்லை.

அவர் மெதுவாக நடந்து வந்து பார்த்தார். "எந்தத் தண்ணியில அலசுன?"

"போர்த் தண்ணியிலதான். வேற எதுல அலசுவாக?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எங்கள் ஊர்ப் போர்த் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, வாயில் வைத்தால் கரிக்கும். ஆனால் குளிப்பது, துவைப்பது, வண்டி கழுவுவது எல்லாம் அதில்தான். குடிக்கவும் சோறாக்கவும் மட்டும் ஊருணித் தண்ணீர். பிறந்ததிலிருந்து கை பழகிவிட்டதால், கழுவுவது என்றால் அந்தக் குழாயைத்தான் திறப்போம். உப்பு என்கிற நினைப்பே வராது. உப்புத் துருவை ஒரு நாள் முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரையே ஊற்றிப் படுக்க வைத்திருக்கிறேன். அவரோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்காதீர்கள், தையல் பிரிந்துவிடும் என்றேன். தையல் பிரித்து ஆறு மாதமாச்சு என்று இன்னும் சிரித்தார்.

மறுபடியும் முதலிலிருந்து உரசினேன். இந்தத் தடவை அலச ஊருணித் தண்ணீர் வேண்டும். அங்கேதான் வம்பு. எங்கள் ஊருணியில் காலை நனைக்கக் கூடாது, செருப்போடு இறங்கக் கூடாது, ஒரு கைக்குட்டை கூட அலசக் கூடாது. ஒரு நாளைக்கு வீட்டுக்கு இரண்டு குடம், விசேஷம் என்றால் நாலு. வண்டிக்கு எடுத்தேன் என்று தெரிந்தால் கதை கந்தலாகிவிடும். மூன்றாவது தடவை குடத்தோடு படியில் இறங்கும்போது எதிர்வீட்டு மதினி பிடித்துக்கொண்டாள். கூட நாலு பெண்கள் வேறு.

"வீட்டுக்கு விருந்தாடி வந்திருக்காகளா? இம்புட்டுத் தண்ணி?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் ஊருணிப் படியில் நின்று பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"விருந்தாடி இல்லை. வண்டி கிரில் அலசணும். போர்த் தண்ணி பட்டாத் துருப்பிடிக்குது."

நாலு பேரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். குடிக்கிற தண்ணியில லாரி கழுவுறியா, உனக்கென்ன கொழுப்பா என்று ஒருத்தி ஆரம்பித்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. "எங்க வீட்டுப் பங்குத் தண்ணிதான், நாளைக்கு உள்ளதையும் சேத்து எடுக்குறேன். ரெண்டு நாளைக்கு நாங்க கேன் தண்ணி வாங்கிக் குடிச்சுக்கிறோம், வந்து பாருங்க. கிரில் சரியானாத்தான் எனக்குச் சாவி கிடைக்கும்" என்று பொரிந்தேன்.

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சாவியா? அப்ப நீயா ஓட்டப் போற?"

"நான்தான்."

"லோடு ஏத்தி?"

"லோடு ஏத்தித்தான்."

 மதினி என் குடத்தைத் தானே முக்கித் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். "அலசுன தண்ணியச் சும்மா விடாத, முருங்கைக்கு ஊத்து" என்றாள். திட்ட ஆரம்பித்தவளும், "என் மாமியாக்காரிய ஒரு நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவியா?" என்று கேட்டாள். லாரியிலா என்று கேட்டேன். முன்சீட்டில் என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் டீக்கடை வரை செய்தி போய்விட்டது. அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஊரெல்லாம் சொல்லி வச்சுட்டியா? இனி நான் மாட்டேன்னு சொன்னா என்னையத்தான் சிரிப்பாக."

"அப்ப மாட்டேன்னு சொல்லத்தான் இருந்தீகளா? கிரில்லு, பிரேக்கு, இன்சூரன்சு எல்லாம் சாக்கா?"

 நாற்காலியில் உட்கார்ந்து பெல்ட்டைத் தளர்த்தினார். எனக்குத் திட்டுகிற வேகம் இருந்தது, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"எனக்கு இப்படி ஆச்சு, சரி போகுது" என்றார். "ஆஸ்பத்திரியில கிடந்தப்ப மோட்டு வளையப் பாத்துக்கிட்டு இதேதான் நினைச்சேன். உனக்கும் ஒண்ணு ஆகிப்போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்குப் பயமா இருக்கு புள்ள."

இத்தனை வருஷத்தில் பயம் என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். "எனக்கும்தான் பயமா இருக்கு. அதுக்காக வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்க முடியுமா? நீங்க பக்கத்துல உக்காந்து வாங்க" என்றேன். அவர் என் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். வாட்டர் பேப்பர் உரசி நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

மறுநாள் காலையில் காற்று கிளம்புவதற்கு முன்னால் பிரைமர் அடித்தோம். உரியாத குரோம் மேல் டேப் ஒட்டி நியூஸ் பேப்பர் சுற்றியிருந்தேன். முதல் பூச்சை அவரே நின்றபடி அடித்தார். ஒரு சாண் தள்ளிப் பிடி, ஒரே இடத்தில் நிற்காதே, கையை ஓட்டிக்கொண்டே இரு என்று காட்டிவிட்டு டப்பாவை என்னிடம் கொடுத்தார். மத்தியானம் சில்வர். ஓரத்தில் ஒரு இடத்தில் வழிந்துவிட்டது, இப்போதும் பார்த்தால் தெரியும். கடையில் போட்ட முலாம் மாதிரி வருமா, வராது. ஆனால் குரோமும் சில்வரும் பத்தடி தள்ளி நின்றால் ஒன்றுதான். உடைந்த போல்ட்டுக்குப் பதில் புது போல்ட் போட்டு மாட்டினேன். சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். அவர் பையிலிருந்து சாவியை எடுத்து, தானும் முன்சீட்டில் ஏறிக்கொண்ட பிறகுதான் என்னிடம் நீட்டினார்.

மில்லில் மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். தேவிபட்டினம் வரும்வரை அவர் கால் சும்மா இல்லை. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். ஆடு, ஆடு என்றார். அது ரோட்டைத் தாண்டி ரொம்ப நேரமாகிவிட்டது என்றேன். கியரை மாத்து என்பார், மாற்றியிருப்பேன். ராமநாதபுரத்துக்குள் ஒரு டவுன் பஸ்சை முந்தினேன். "இப்ப இது தேவையா?" என்றார். ஊர் தாண்டியதும் அவர் பேச்சு நின்றுவிட்டது. பஸ்சை முந்தியதற்குக் கோபம் போல என்று நானும் வீம்பாகப் பேசாமல் ஓட்டினேன்.

ரெகுநாதபுரம் பக்கம் போகும்போது பொறுக்கமாட்டாமல், "என்ன, இன்னும் கோவமா?" என்று கேட்டேன்.  திரும்பிப் பார்த்தேன். கதவில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் அவர் கண்ணை மூடியதே கிடையாது. திருச்செந்தூர் போனபோது பஸ்சில் நாங்கள் எல்லோரும் தூங்க, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்த மனிதர். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். பெரியபட்டினத்தில் கடைவாசலில் கொண்டுபோய் நிறுத்தியதும் கடைக்காரர் கையைக் காட்டிக்கொண்டு வந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை செய்தேன். எஞ்சினை அணைத்தால் முழித்துவிடுவார் என்று, அதை ஓடவிட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.